எஃப்எக்ஸ்6 வாடகைக்கு எடுக்கலாமா?

தங்கை கல்யாணத்தை இந்த முறை நல்ல கேமராவில் எடுக்க நினைக்கிறீர்கள். வாடகைக் கடைக்காரர் சோனி எஃப்எக்ஸ்6-ஐ எடுத்து வைக்கிறார். 2020 இறுதியில் வந்த கேமரா. லென்ஸ் மாட்டாமல் ஒரு கிலோகூட இல்லை. நம்பி எடுக்கலாமா?

மண்டபத்தில் வெளிச்சம் போதாவிட்டால்? கவலை வேண்டாம். இதன் ஐஎஸ்ஓவுக்கு (வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் திறன்) 800, 12,800 என்று இரண்டு அடிப்படை அளவுகள். இரண்டாவதற்கு மாற்றினால், விடியற்காலை முகூர்த்தத்திலும் முகங்கள் பொரிப்பொரியாகத் தெரியாது.

இதைவிடப் பெரிய வசதியாக நான் நினைப்பது உள்ளேயே இருக்கும் என்டி ஃபில்டரை (கேமராவுக்குக் கூலிங் கிளாஸ் மாதிரி). காசியாத்திரைக்கு மாப்பிள்ளை குடையோடு வெயிலில் இறங்குகிறார். நீங்கள் பின்னாலேயே ஓட வேண்டும். கண்ணாடி மாற்ற நேரமேது? இதில் ஒரு சக்கரத்தை உருட்டினால் போதும். வெளிச்சம் நாலில் ஒரு பங்கு முதல் 128-ல் ஒரு பங்கு வரை படிப்படியாகக் குறையும்.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு. கை நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு உடலுக்குள் இல்லை. ஸ்டாண்டோ கிம்பலோ (ஆடாமல் தூக்கிப் பிடிக்கும் கருவி) சேர்த்துக் கேளுங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. வெயிலில் சின்னத் திரையைப் பார்த்துத் தடுமாறுவீர்கள். தரமான மைக்கைச் செருகும் இரண்டு துளைகளும் மேல் கைப்பிடியில்தான் இருக்கின்றன. கிம்பலில் ஏற்றக் கைப்பிடியைக் கழற்றினால் அவையும் போய்விடும். சபையில் பெரியவர்கள் பேசும்போது இது பெரிய இழப்பு.

கார்டு எத்தனை வேண்டும்? உயர்தர 4கே-யில், நொடிக்கு 25 படம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 112 ஜிபி தின்றுவிடும். மூன்று மணி நேரத்துக்கு 128 ஜிபி கார்டு மூன்றாவது வேண்டும். சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ கார்டு கொடுத்தால் அதற்கான ரீடரையும் மறக்காமல் வாங்குங்கள். சாதாரண ரீடரில் அது நுழையாது.

படம் வெளிறிப்போய்த் தெரிகிறதே, பழுதா? பெரும்பாலும் இல்லை. முன்பு எடுத்தவர் எஸ்-லாக்3-ல் (பிறகு நிறம் கூட்டுவதற்கான பதிவு) விட்டிருப்பார். நிறம் திருத்த ஆளும் நேரமும் இல்லையென்றால் எஸ்-சினிடோனுக்கு மாற்றுங்கள். தோல் நிறம் நேராகவே அழகாக வரும்.

கடையை விட்டுக் கிளம்புமுன்? அமைப்புகளை முழுதாக ரீசெட் செய்யுங்கள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். மைக் செருகி ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே போனில் படமெடுங்கள். திருப்பித் தரும்போது அட்வான்ஸில் கை வைக்க முடியாது.

தனி ஆளாக, கேமராவைக் கையில் பிடித்தபடியே நாள் முழுக்க எடுக்கப்போகிறீர்களா? எஃப்எக்ஸ்3-ஐக் கேளுங்கள் என்றே சொல்வேன். அதில் உள் என்டி இல்லை. நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு இருக்கிறது.