தலைப்பில் ஏறிய ஒற்று

தை பிறக்குமுன் வீட்டைத் துப்புரவு செய்வது எங்கள் வழக்கம். தெமட்டகொடையில், புகையிரதப் பாதைக்கு அண்மையில், எங்கள் வீடு இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் கடக்கும்போது புத்தக அலுமாரி ஒருமுறை நடுங்கி அடங்கும். இம்முறை கட்டிலின் கீழிருந்த ஐயாவின் றங்குப் பெட்டியை வெளியே இழுத்தேன். பட்டு வேட்டியும் காணி உறுதியும் கிடைக்கும் என்று வீட்டார் கூடிவிட்டனர். கிடைத்தவை பழம் பத்திரிகைகள். பெருமூச்சு விட்டுக்கொண்டு அவர்கள் அடுக்களைக்குப் போய்விட, நான் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று துப்புரவு அத்துடன் முடிந்தது.

ஐயா அச்சுக்கோப்பாளர். கொழும்பில் ஒரு சிறிய அச்சகத்தில் முப்பது ஆண்டுக்குமேல் நின்றபடியே உழைத்தவர். கடையில் சீனி சுற்றிவரும் சரையைக்கூடப் பிரித்து, நீவி, தலைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்த பின்பே கீழே வைப்பார்.

தலைப்பு என்பது பத்திரிகையுடன் கூடப் பிறந்ததன்று. 1841ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனார் ‘உதயதாரகை’யைத் தொடங்கிய காலத்தில், இன்று நாம் காண்பதுபோல் தூரத்திலிருந்தே கூவி அழைக்கும் தலைப்புக்கள் எங்குமே அரிது. வாசகன் முழுவதையும் வாசிப்பான் என்ற நம்பிக்கை அன்றிருந்தது. 1930இல் ‘வீரகேசரி’யும் 1932இல் ‘தினகரனு’ம் நாளேடுகளாகக் கொழும்பில் எழுந்தபின் தலைப்புக்கும் மதிப்பு வந்தது, பஞ்சமும் வந்தது. ஆம், இடப் பஞ்சம்.

பழைய தலைப்புக்களில் முதலில் சிரிப்பூட்டுவன சொற்களே. கூட்டத் தலைவர் அன்று ‘அக்கிராசனர்’. செயலாளர் ‘காரியதரிசி’. தேர்தலில் நிற்பவர் ‘அபேட்சகர்’. இந்தக் கடைசிச் சொல்லை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். நாட்டு வைத்தியர் கொடுக்கும் குளிகையா என்று கேட்டான் ஒரு மாணவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். விழுங்கச் சற்றுக் கடினமான சொல்தான். ஆயினும் நாம் அதிகம் சிரிப்பதற்கில்லை. அக்கிராசனர் போய்விட்டார், அவருடைய ஆசனத்தை இன்னும் நாடாளுமன்றத்தில் விட்டுவைத்திருக்கிறோம். ‘அக்கிராசன உரை’ என்று இன்றும் இலங்கைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. தமிழ்நாட்டார் நம்பிக்கையில்லாத் ‘தீர்மானம்’ கொண்டுவர, நாம் ‘பிரேரணை’யையே கொண்டுவருகிறோம். அவர்களுடைய இரயில் நமக்குப் புகையிரதம். அது புகைவிடுவதை நிறுத்திப் பல காலமாகியும் பெயர் மாறவில்லை.

சொல்லைவிடப் பொல்லாதது தொடர். ‘யானை தாக்கியவர் வைத்தியசாலையில்’ என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன பொருள் கொள்வது? யானையைப் போய்த் தாக்கிய வீரரா? யானையிடம் அகப்பட்ட அப்பாவியா? பண்டிதப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதில் இவ்வகைத் தலைப்புக்களை எடுத்துவைத்து ஐயாவைக் கேலி செய்வது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவர் ஒருநாள் அமைதியாகச் சொன்னார்:

“தம்பி, ‘யானையால் தாக்கப்பட்டவர்’ எண்டு போட்டால் ஒரு பத்திக்குள்ளை நிக்காது. கீழை செய்தி இருக்குத்தானே, வாசிச்சால் விளங்கும்.”

இலக்கணம் அறியாதவர் சொல்லும் சமாதானம் என்று அன்று நினைத்தேன். பிறகு தொல்காப்பியச் சொல்லதிகாரம் படித்தபோது, தடுமாறு தொழிற்பெயர் என்ற பெயரில் அதே யானை அங்கே நின்றது. உரையாசிரியர் காட்டும் ‘புலிகொல் யானை’யில் கொன்றது புலியா, யானையா? பின்வரும் சொல்லைக் கொண்டே உணர்வோர் உணர்வர் என்பது அங்கே கிடைக்கும் விடை. ஐயா சொன்னதும் அதுதான். சூத்திரமாகச் சொல்லவில்லை, அவ்வளவே.

தலைப்புப் பிழைகளில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1948 நவம்பர் 3ஆம் திகதிச் ‘சிக்காகோ டெய்லி ட்ரிபியூன்’, சனாதிபதித் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் எனக் கொட்டை எழுத்தில் அறிவித்தது. வென்றவரோ ட்ரூமன். அவர் செயின்ட் லூயிஸ் நிலையத்தில், புகைவண்டியின் பின்மேடையில் நின்று அந்தப் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துச் சிரித்த படத்தைப் பலர் கண்டிருப்பர். அதன் காரணத்தைப் பலர் அறியார். அந்தப் பத்திரிகையின் அச்சுத் தொழிலாளர் அப்பொழுது வேலைநிறுத்தத்தில் இருந்தனர். ஆகவே வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகப் பக்கங்களை முடிக்க வேண்டியிருந்தது. வாக்குகள் எண்ணப்படுமுன் ஊகத்தைக் கொண்டு தலைப்பிட்டார்கள். இக்கதையை ஐயாவுக்குச் சொன்னபோது அவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. “எங்களை விட்டிட்டுச் செய்தால் அப்பிடித்தான்” என்றார்.

என் கேலியில் பெரும்பங்கு ஒற்றெழுத்துக்கே உரியது. ‘மகாநாட்டை திறந்தார்’, ‘கூட்டத்தை கலைத்தனர்’ என்று வல்லினம் மிகாத தலைப்புக்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஐயாவின் விளக்கம் வேறு. செய்திக்குரிய சிற்றெழுத்து அறை நிறைய உண்டு. பெரிய தலைப்பெழுத்தோ ஈயச் செலவு மிகுந்தது. ஒவ்வொன்றிலும் சிலவே வாங்கி வைப்பார்கள். முதற் பக்கத்து மூன்று தலைப்புக்கும் மூன்று ‘த்’ போய்விட்டால் நான்காவது தலைப்பு ஒற்றில்லாமலே உலகைச் சந்திக்க வேண்டும். நான் விடவில்லை. “ஐகாரத்தின் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும், ஐயா. இதுகூடத் தெரியாமல் எழுத்துக் கோக்கலாமா?” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. வாசிகசாலையில் ஒரு தலைப்பைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பத்திரிகையை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ‘வேலைக் கேட்டு இளைஞர் ஊர்வலம்’. நடுவே ஒரு ‘க்’ கொழுகொழுவென்று நின்றது. தொழில் கேட்டவர்கள் ‘வேலை கேட்டு’ அல்லவா போக வேண்டும்? ‘வேலைக் கேட்டு’ என்றால் முருகன் கைவேலைக் கேட்டார்கள் என்றாகும். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு எழுந்தருளும் வேலைத்தான் கேட்டார்கள் போலும் என்று அம்மாவுக்கும் தங்கைக்கும் அபிநயத்துடன் விளக்கினேன். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஐயா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். பிறகு, “தம்பி, நீ சொன்னபடிதான் போட்டனான்” என்றார்.

அந்த ஒற்றுக்காக அவருடைய ஒருநாட் சம்பளத்தை வெட்டியிருந்தார்கள். இரண்டாம் வேற்றுமை விரிந்து நிற்கும்போது மிகும், தொகையாய் நிற்கும்போது பெரும்பாலும் மிகாது என்ற மறுபாதியை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. அன்றிரவு சொன்னேன். கைகழுவிவிட்டு வந்து, பென்சிலால் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

றங்குப் பெட்டியின் அடியில் அந்த நறுக்கும் இருந்தது. இப்பொழுது என் பாடக்குறிப்புப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறேன். வலிமிகும் இடங்கள் நடத்தும் நாளில் வகுப்பில் சுற்றுக்கு விடுகிறேன். மாணவர் சிரிப்பார்கள், யாராவது ஒருவன் எழுந்து, “இதை அச்சுக்கோத்தவருக்கு யார் ஐயா இலக்கணம் படிப்பித்தது?” என்று கேட்பான். அடுத்த விதிக்குப் போய்விடுவேன்.