வாரத்தின் முதல் நாளில் எடுத்து வைப்போம்
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



ஏனாத்தூர்ப் பகுதியில் வீடு மந்திரிக்கச் செல்லும்போது, சில வீடுகளில் தறிக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். வயது முப்பதை நெருங்கியிருக்கும். நாம் வணக்கம் சொன்னால் பதில் வராது. முகம் பார்க்கவும் மாட்டார். ஆனால் கை நிற்காது, நூலும் அறாது. செபம் முடிந்து புறப்படும்போது அவருடைய தாய் வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்பார்: "சாமி, எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா?"

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் கடவுள் பார்த்துக்கொள்வது நம் கைகளின் வழியாகத்தானே?

ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தைக்கு உதவி கேட்டால் பலரும் மனமிரங்கித் தருகிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து மீசை முளைத்த பின் நம் இரக்கம் குறைந்துவிடுகிறது. சிறப்புப் பள்ளிப் படிப்பும் முடிந்துவிடுகிறது. பிறந்தநாளன்று ஓர் இல்லத்தில் ஒரு வேளை உணவு கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் பராமரிப்பாளரின் சம்பளம், ஆட்டோ வாடகை, மருந்து ஆகிய செலவுகள் மாதந்தோறும் வருபவை. ஒருநாள் விருந்தால் அவற்றைச் சமாளிக்க முடியாது.

இதற்கு வழிகாட்டுபவர் தூய பவுல். எருசலேம் இறைமக்களிடையே இருந்த ஏழைகளுக்காக அவர் பல சபைகளில் நிதி திரட்டினார். அதைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 16ஆம் அதிகாரத்திலும், இரண்டாம் திருமுகம் 8, 9ஆம் அதிகாரங்களிலும் வாசிக்கிறோம். அதில் நமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, ஒழுங்கு. தாம் வந்த பிறகு அவசரமாகத் திரட்ட வேண்டாம். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். நூறு குடும்பங்கள் வாரம் பத்து ரூபாய் எடுத்து வைத்தால், 52 வாரங்களில் 52,000 ரூபாய் சேர்கிறது. கூலி குறைந்த வாரத்தில் ஐந்து ரூபாய் வைத்தாலும் அது காணிக்கைதான்.

இரண்டாவது, நேர்மை. பணத்தைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்ல இடம் தராதபடி, சபைகளின் நம்பிக்கையைப் பெற்றவர்களை உடன் சேர்த்துக்கொண்டார். கணக்கு கேட்பது அவிசுவாசம் அல்ல. கணக்கு காட்டுவது நம் கடமை.

மூன்றாவது, சமநிலை. இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராகலாம். பெறுபவரிடமும் கொடுக்க ஏதோ உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மாற்றுத்திறனாளியான அவரே மற்ற மாற்றுத்திறனாளிகளுக்காக ஊரைத் திரட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தார் சுற்றும் அந்த மகனும் சுமை அல்ல. அவர் சுற்றிய நூல்தான் பட்டுச் சேலையில் ஊடையாக ஓடுகிறது.

பணத்தோடு சட்ட உதவியும் தேவை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கானது. மகனுக்கோ மகளுக்கோ 18 வயது நிறைந்தபின் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான காப்பாளராகத் தொடர்வதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்தே அந்த உரிமையைப் பெற வேண்டும். 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. படித்த நம் இளையோர் ஒரு மாலைப்பொழுது உடனிருந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அதுவும் காணிக்கையே.

ஆகவே அன்பியந்தோறும் ஒரு சிறு உண்டியல் வைப்போம். மாதக் கடைசி ஞாயிறன்று பங்குப்பேரவையினரும், இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் இருவரும் சேர்ந்து அதை எண்ணட்டும். வரவும் செலவும் திருப்பலி முடிவில் வாசிக்கப்படும். உதவி பெறுபவரின் பெயர் மட்டும் வாசிக்கப்படாது.

அடுத்த முறை வீடு மந்திரிக்கச் செல்லும்போது அந்தத் தாய் மீண்டும் கேட்பார். அப்போது, "நாங்க பார்த்துக்கிறோம்மா" என்று இந்தப் பங்கு முழுவதும் சொல்லும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.