வெள்ளீயமும் காரீயமும்: ஒரே குடும்பம், வேறு குணம்

‘தொகுதியில் கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும்.’ படிவம் 4 வேதியியலில் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வரி இது. தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால், கோலாலம்பூர் உருவான கதையும் நம் வீட்டு ஈயச் சொம்பின் கதையும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியுள்ளன. 14ஆம் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் ஆகியவை இத்தொகுதியில் மேலிருந்து கீழாக வருபவை. எல்லாவற்றுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். கீழே செல்லச் செல்ல கூடுகளின் எண்ணிக்கை கூடுகிறது. பங்கிடப்படும் எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து தூரமாகின்றன. அதனால் பிணைப்பு தளர்கிறது. கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்கு ஏறக்குறைய 346 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். சிலிக்கானுக்கு 222, வெள்ளீயத்துக்கு 146 போதும். உருகுநிலையிலும் இது தெரிகிறது: சிலிக்கான் 1414 பாகை செல்சியஸ், ஜெர்மானியம் 938, வெள்ளீயம் 232.

1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே அனுப்பியது இந்த வெள்ளீயத்தைத் தேடித்தான். அவர்கள் அம்பாங்கில் தோண்டிய சுரங்கங்களே கோலாலம்பூர் நகரத்துக்கு வித்திட்டன. மண்ணில் கிடைப்பது தனி உலோகமன்று. ஆக்ஸிஜனோடு சேர்ந்த தாது. அதைக் கரியோடு சேர்த்து உலையில் இட்டால், கரியிலுள்ள கார்பன் ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ளும்; உலோகம் உருகி ஓடும். தாதுவோடு கலந்திருக்கும் மணலில் சிலிக்கான் உண்டு. ஆனால், சிலிக்கான் ஆக்ஸிஜனை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பதால் அந்தச் சூட்டில் விடாது; கசடாக ஒதுங்கிவிடும். ஆக, ஒரே உலைக்குள் 14ஆம் தொகுதியின் மூன்று தனிமங்கள் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன.

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல், ஓட்டுக் கட்டடங்களை வலியுறுத்தினார். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் அந்தச் செங்கற்சூளைகளால் வந்தது. சூளைச் சூட்டில் களிமண் பிரிந்துபோகாமல் மேலும் இறுகுவதற்கும் சிலிக்கான்–ஆக்ஸிஜன் பிணைப்பின் வலிமையே காரணம்.

தொகுதியின் போக்கு தெரிந்தால் காணாததையும் கணிக்கலாம். சிலிக்கானுக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவே ஒரு தனிமம் இருக்க வேண்டும், அதன் அணு எடை சுமார் 72 என்று 1871இல் மெண்டலீவ் சொன்னார். 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார், எடை 72.6. அதே ஆண்டில்தான் ஈயத்தைக் கிள்ளான் பக்கம் கொண்டுசெல்லும் முதல் இரயில் பாதை கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை திறக்கப்பட்டது.

ஆனால், போக்கு என்பது மாறாத விதி அன்று. வெள்ளீயத்துக்குக் கீழே உள்ள காரீயம் இன்னும் குறைவான சூட்டில் உருக வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ 327 பாகையில் உருகுகிறது. கனமான அதன் அணுவில், வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களில் இரண்டை அணுக்கரு தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. இதை மந்த இணை விளைவு என்பர். அதனால் வெள்ளீயம் +4 நிலையை விரும்ப, காரீயம் +2 நிலையை விரும்புகிறது. கார் பேட்டரி மின்சாரம் தரும்போது அதிலுள்ள காரீய டை ஆக்சைடு +4இலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது.

இங்கேதான் பெயர்க் குழப்பம் வருகிறது. மலாயில் பழைய வழக்கில் ‘திமா பூத்தே’, ‘திமா ஹீத்தாம்’ என்பார்கள். தமிழிலும் அதே போல் வெள்ளை ஈயம், கரிய ஈயம். ரோமானியர்களும் இரண்டையும் ‘பிளம்பம்’ என்றே அழைத்து, வெள்ளை, கறுப்பு என்று பிரித்தார்கள். நம் நாட்டில் ஈயச் சுரங்கம் என்றால் வெள்ளீயம். தமிழ்நாட்டு அறிவியல் நூல்களில் ஈயம் என்றாலே பெரும்பாலும் காரீயம். ஒரே சொல், இரண்டு உலோகங்கள்.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பதன் காரணம் அந்த 232 பாகைதான். ஆனால், அதில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பில் கரைந்து உணவில் சேரும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அறிவியல் மன்றத்தில் இதைச் செய்து பாருங்கள். சொம்பின் எடையை, அதை முழுதாக நீரில் அமிழ்த்தும்போது விலகும் நீரின் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வெள்ளீயத்துக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம்; காரீயத்துக்கு 11.3. விடை 7.3ஐத் தெளிவாகத் தாண்டினால் அந்தச் சொம்பு அடுப்படிக்கு வேண்டாம். சிறிதளவு கலப்பை இந்தச் சோதனை காட்டாது. எனவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத சொம்பை அலமாரியில் அழகுக்கு மட்டும் வைப்பது நல்லது.