ஆற்றில் விடப்பட்ட அந்நிய மீன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தோன்றி அராலியிற் கடலேரியோடு கலக்கும் வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டுமே ஆறென்னும் பெயருக்கு உரியதாகின்றது. தொண்டைமானாறு பெயரால் ஆறாயினும் தன்மையால் உவர்நீர்க் கடலேரியேயாம். இத்தகைய நிலத்தில் வாழ்வோர் ஆற்று மீனைப் பற்றி ஆராய்வதாற் பயன் யாது எனச் சிலர் வினவலாம். பிறநாட்டு மீனொன்றை உள்நாட்டு நீர்நிலையில் விடுவதென்பது ஆற்றோடு மட்டும் நின்றுவிடும் செயலன்று. குளத்திற்கும் கடலேரிக்கும் அது பொருந்தும். அச்செயலின் வரலாறு நமது மலைநாட்டிலும், நமக்கு அண்மையிலுள்ள நீலகிரியிலும் காவிரியிலும் தெளிவாக எழுதப்பட்டுள்ளது.

தூண்டிலில் அகப்பட்டபின் எளிதில் அடங்காது போராடும் மீனையே மேனாட்டார் விளையாட்டு மீன் என்பர். உண்பதற்காக அன்றி, அப்போராட்டத்தின் இன்பத்திற்காகவே அதனைப் பிடிப்பர். இவ்வகை மீன்களுள் அவர்கள் தலையாயதாகக் கொண்டது ட்ரவுட். குடியேறிய நாடெங்கும் தம் ஊர்ப் பூஞ்செடிகளை நட்ட ஆங்கிலேயர், தம் ஊர் மீனையும் அங்குள்ள ஓடைகளிற் காண விரும்பினர்.

விருப்பம் எளிது, மீனைக் கொண்டுசெல்வதே அரிது. உயிருள்ள மீன் வெப்பக் கடல்களைக் கடந்து பல வாரம் பிழைத்திராது. ஆகவே முட்டைகளை அனுப்பும் வழியை நாடினர். ட்ரவுட்டின் முட்டை குளிரில் மிக மெதுவாகவே வளரும். கருவின் கண்கள் புள்ளிபோலத் தெரியும் பருவத்தில் முட்டைகளை ஈரப் பாசியில் அடுக்கி, பனிக்கட்டியின் நடுவே வைத்தால், குஞ்சு பொரிக்கும் நாளைப் பல வாரம் ஒத்திப்போடலாம். 1864ஆம் ஆண்டு 'நோர்வோக்' என்னும் கப்பல் இம்முறையில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முட்டைகளைக் கொண்டுசென்றது. அப்பயணத்தின் நோக்கம் தஸ்மேனியாவிற் சமன் மீனை வளர்ப்பதே. ஏறத்தாழ ஓர் இலட்சம் சமன் முட்டைகளோடு, சில ஆயிரம் ட்ரவுட் முட்டைகளும் இறுதி வேளையிலே சேர்க்கப்பட்டன. பொரித்த சமன் குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குச் சென்றன, மீளவில்லை. ட்ரவுட்டோ அங்கே நிலைத்தது. பின்னர் நியூசிலாந்துக்கும் பரவியது. பல நாள் திட்டமிட்டது பொய்த்து, போகிற போக்கிற் சேர்த்தது பலித்த இக்கதை, உயிரினங்களை இடம்பெயர்ப்போர் எவரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நீலகிரியில் முதன்முதல் முயன்றவருள் ஒருவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையின் வைத்தியராயிருந்து, இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியவர் இவரே. 1863இல் அவர் செய்த முயற்சி கைகூடவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்தபின், எச். சி. வில்சன் என்பார் அவலாஞ்சியிற் பொரிப்பகம் அமைத்து வெற்றி கண்டார். அவர் பெற்ற வானவில் ட்ரவுட்டின் ஒரு பகுதி இலங்கையிலிருந்தே சென்றது என்பது நமக்குச் சுவை தரும் செய்தி.

இலங்கைக்கு முதலில் வந்தது பழுப்பு ட்ரவுட். அது 1882இல் நுவரெலியாப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. எனினும் இந்நாட்டில் நன்கு ஊன்றியது பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே. வட அமெரிக்காவைத் தாயகமாகவுடைய இவ்வினம் சற்று மிகுந்த வெப்பத்தையும் பொறுக்க வல்லது. நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் உள்ள ஓடைகள் இதற்கு இடமாயின. அவை கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கு உயர்ந்த நிலத்தில் உள்ளவை.

இம்மீன் மலையிலிருந்து இறங்கி நாடெங்கும் பரவாமை ஏன்? விடை நீரின் வெப்பநிலையில் உள்ளது. 10 பாகை சதமளவையிலுள்ள ஓர் இலீற்றர் நன்னீரிலே ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கக்கூடும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். நீர் சூடேற ஏற மீனின் உடலோ கூடிய ஒட்சிசனை வேண்டி நிற்கும். வரவு குறைந்து செலவு பெருகும் குடும்பத்தின் நிலையே அப்போது ட்ரவுட்டின் நிலை. நம் குடாநாட்டுக் குளங்களில் அது ஒரு பகற்பொழுதைக் கழிப்பதும் அரிது. நமது விராலும் பனையேறிக் கெண்டையும் அவ்வாறல்ல. நீர் வற்றிச் சேறாகும் வேளையிலும் அவை மேலெழுந்து காற்றையே சுவாசித்துப் பிழைக்கும். விளையாட்டு மீன் என்னும் பட்டத்தை மேனாட்டார் விராலுக்கு முன்னரே அளித்திருக்கலாம் என்பது என் கருத்து. தூண்டிலில் அதன் ஆற்றலை அறிந்தவர் இதனை மறுக்கமாட்டார்.

இனி, வந்த மீன் செய்யும் விளைவுகளை நோக்குவோம். மலையுச்சி ஓடைகளில் வாழ்ந்த சிற்றுயிர்கள் அத்தகைய பெரிய ஊனுண்ணி மீனை எதிர்கொண்டு பழகியவை அல்ல. ஹோட்டன் சமவெளியில் ஓடும் பெலிகுல் ஓயாவின் மேற்பகுதியில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு நன்னீர் இறால் இனமொன்று வாழ்கின்றது. அதற்கும், அங்குள்ள தவளைகளின் வாற்பேய்களுக்கும் ட்ரவுட் கேடாகும் என்பது இயற்கையாளரின் அச்சம்.

ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியிற் காணப்பட்ட கேடு இதனினும் பன்மடங்கு பெரிது. 1950களில் அங்கு நைல் கொடுவா விடப்பட்டது. நம் கடலேரிகளில் அகப்படும் கொடுவாவுக்கு இது நெருங்கிய உறவு. முப்பது ஆண்டுக்குள் அது பல்கிப் பெருகி, அவ்வேரிக்கே உரிய சிறு மீனினங்களுள் இருநூறு வரை அழிந்துபோக ஏதுவாயிற்று என ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். ஏற்றுமதியாற் பணம் வந்தது உண்மையே. ஆயினும், முன்னைய சிறு மீன்களை வெயிலில் உலர்த்திய கரையோர மக்கள், கொழுப்பு மிகுந்த இப்பெரு மீனைப் புகையூட்ட வேண்டியவராயினர். அதற்கு விறகு வேண்டி மரங்களும் வீழ்ந்தன. ஏரியில் விட்ட மீன் கரையிலுள்ள காட்டை உண்ட விந்தை இது!

அந்நியம் என்பது கடல் கடந்து வருவதை மட்டும் குறிப்பதன்று. காவிரியில் மகசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கின்றது. முதுகில் திமில் போன்ற மேடுடைய அவ்வினம் உலகில் வேறோர் ஆற்றுத் தொகுதிக்கும் உரியதன்று. அதன் துணையாறாகிய கபினியில் 1946இல் 120 இறாத்தல் நிறையுள்ள மகசீர் ஒன்று தூண்டிலில் அகப்பட்டது. அணைகளாலும் மிகைப்பிடிப்பாலும் மீன்வளம் குன்றக் கண்டு, அதனைப் பெருக்கும் நல்லெண்ணத்தோடு, மகாராட்டிரத்தின் லோனாவலாப் பொரிப்பகத்திலிருந்து நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் கொணர்ந்து காவிரியில் விட்டனர். ஆற்றில் மகசீர் பெருகியது, எல்லோரும் மகிழ்ந்தனர். தூண்டில்காரர் பல ஆண்டு எழுதி வைத்த பிடிப்புக் குறிப்புகளைப் பின்னர் ஆராய்ந்தபோதே உண்மை புலனாயிற்று. பெருகியது வந்த இனம். காவிரிக்கே உரிய திமில் மகசீர் ஒடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குரிய அறிவியற் பெயர் இதுவென உறுதிப்பட்டதே 2018இல்தான். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. பெயர் அறியப்படுமுன்னே ஓரினம் மறைந்துபோக இருந்தமை வருந்தத்தக்கது. இவ்வுண்மையை வெளிப்படுத்தியது விளையாட்டுக்காக மீன் பிடித்தவர்களின் குறிப்பேடே என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும்.

நம் நாட்டுச் சமவெளிக்கு 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா வந்தது. விளையாட்டுக்காக அன்றி உணவுக்காகவே அதனைக் கொணர்ந்தனர். வன்னிக் குளங்களை அண்டி வாழும் எளியோர்க்கு அது மலிவான புலாலுணவு அளித்து வருவதை எவரும் குறைகூற இயலாது. முட்டைகளையும் குஞ்சுகளையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். நன்னீரிலும் உவர்நீரிலும் ஒருங்கே வாழும். இவ்விரு இயல்பாலும், ஒருமுறை ஊன்றிய இடத்திலிருந்து அதனை அகற்றுதல் இயலாததாகும்.

1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், தொண்டைமானாறு, உப்பாறு ஆகிய கடலேரிகளின் வாயில்களை அணைகளால் அடைத்து, மழைநீரைத் தேக்கி, உவரைப் படிப்படியாக நன்னீராக்கும் நோக்குடையது. அந்நோக்கம் முழுமை பெறும் நாளில், இன்று உவர்நீர் மீன்கள் வாழும் இடத்திற் புதியதொரு நன்னீர்ப் பரப்பு உருவாகும். அப்போது அதில் எம்மீனை விடுவது என்னும் கேள்வி தானே எழும். விரைந்து வளரும் பிறநாட்டு மீனைப் பரிந்துரைப்போரும் இருப்பர். அணையின் மதகைத் திறந்து மூடலாம். விட்ட மீனை மீட்க மதகு இல்லை. ஆகவே, இப்போது அக்கடலேரிகளிலும் அயற்குளங்களிலும் எவ்வெம் மீன்கள், எந்த மாதத்தில், எவ்வளவு உவரில் வாழ்கின்றன என்பதை ஒழுங்காகக் கணக்கெடுத்தல் முதற் கடமையாகும். உவர்மானி ஒன்றும், வீச்சுவலை ஒன்றும், ஈராண்டு பொறுமையும் உள்ள விலங்கியல் மாணவர் சிலரால் அப்பணி இயலும்.