அதிகாரப் பத்திரம் ஓர் அமானிதம்



சில ஆண்டுகளுக்கு முன், ஜும்ஆத் தொழுகைக்குப் பின் விதவைப் பெண்மணி ஒருவர் தம் இரு மகள்களுடன் எம்மைக் காண வந்தார். வளைகுடாவில் உழைத்த அவருடைய கணவர், ஊரிலிருந்த மனையை விற்பதற்குத் தம் தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். கணவர் வஃபாத்தான பின், "பவர் என் பெயரில்தானே இருக்கிறது" என்று கூறி, தம்பி மனையை விற்றுப் பணத்தையும் வைத்துக்கொண்டார். இது கூடுமா என்பதே அப்பெண்மணியின் கேள்வி.

கூடாது. மார்க்கமும் அனுமதிக்கவில்லை, நாட்டின் சட்டமும் அனுமதிக்கவில்லை.

தம் காரியத்தைப் பிறரிடம் ஒப்படைப்பதை மார்க்கச் சட்டம் 'வகாலத்' என்கிறது. குகைவாசிகள் தங்களில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து உணவு வாங்க அனுப்பியதைத் திருக்குர்ஆன் (18:19) எடுத்துரைக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்கிவர உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு தீனார் கொடுத்தார்கள். உர்வா (ரலி) அவர்கள் அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். இலாபம் கொடுத்தவருக்கே உரியது. வகீல் அமானிதக்காரர் மட்டுமே.

கொடுத்தவர் இறந்தாலோ, சித்தசுவாதீனம் இழந்தாலோ வகாலத் முறிந்துவிடும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவில் பொதுவிதியாக இதையே கூறுகிறது. இறந்த கணமே சொத்து வாரிசுகளுடையதாகிறது. அம்மனிதருக்கு மகனோ, பெற்றோரோ, வேறு உடன்பிறப்புகளோ இல்லை. எனவே 24 பங்குகளில் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, தம்பிக்கு 5. ஐந்து பங்குக்குரியவர் இருபத்து நான்கையும் எடுத்துக்கொண்டார்! அநாதைகளின் பொருளை உண்பது நெருப்பை உண்பதல்லவா?

ஆகவே, பவர் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை:

• எந்தச் சொத்து, எந்தக் காரியம் என வரையறுத்து எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைத் தேவையின்றி வழங்காதீர்கள்.

• தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான பவரைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

• வெளிநாட்டிலிருப்போர் இந்தியத் தூதரக அதிகாரி முன் கையொப்பமிட்டு அனுப்பலாம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

• நம்பிக்கை தளர்ந்தால் ரத்துப் பத்திரம் பதிந்து, முகவருக்கும் எழுத்து மூலம் அறிவியுங்கள்.

• பவர் பெற்றதால் எவரும் சொத்துக்கு உரிமையாளராகி விடுவதில்லை. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளது.

எழுதிக் கொடுப்பவரே! உங்கள் மனைவிக்கும் மக்களுக்கும் அப்பத்திரத்தின் நகலைக் கொடுத்து வையுங்கள். பெற்றுக் கொண்டவரே! நாளை மறுமையில் அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள் என்பதை மறவாதீர்கள்.

அமானிதம் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.