உங்களுக்குத் தெரியுமா? டாரட், பிறப்பால் ஒரு சீட்டாட்டம்!

குறி பார்ப்பதற்கென்றே பிறந்ததாகப் பலரும் நம்பும் டாரட், சுமார் 300 ஆண்டுகள் பெரும்பாலும் விளையாட்டுச் சீட்டாகத்தான் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியப் பிரபுக்களின் வீடுகளில் துருப்புச்சீட்டு ஆட்டமாகத் தொடங்கியது.

● 1781-இல் பிரான்ஸின் கூர் த ஜெபலான், ‘இது பண்டைய எகிப்தியரின் ஞானநூல்’ என்று எழுதினார். ஆதாரம் கிடையாது. எகிப்தியச் சித்திர எழுத்தின் மர்மத்தை ஷாம்போலியன் அவிழ்த்ததே 1822-இல்தான்!

● இன்று அதிகம் புழங்கும் சீட்டுக்கட்டு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. 78 படங்களையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். கூலியோ சொற்பம். கட்டுக்கு நிலைத்த பெயர், பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெய்ட் இருவருடையது. வரைந்த பெண்ணை நெடுங்காலம் மறந்தது பெரும் அநியாயம்.

● இந்தக் கட்டின் 13-ஆம் சீட்டு ‘மரணம்’. வந்துவிட்டால் பதற வேண்டாம். படத்தை உற்றுப் பாருங்கள். வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வருகிறது. அரசன் விழுந்து கிடக்கிறான். இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தையோ நிமிர்ந்து பார்க்கிறது. தொலைவில், இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்றே இதற்குப் பொருள் சொல்வார்கள்.

● குறி பார்க்கச் சீட்டுகளைப் பரப்பும் முறைகளில் ஒன்றான ‘கெல்டிக் சிலுவை’ விரிப்புக்கு 10 சீட்டுகள். முதல் சீட்டின்மேல் குறுக்கே வைக்கும் இரண்டாவது சீட்டு, நம் வழியில் நிற்கும் தடையைக் குறிக்கும்.

● பிரான்ஸில் இன்றும் டாரட்டைச் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள்.