கார் கண்ணாடியில் பீய்ச்சும் தண்ணீரில் நாற்றமா? உஷார்! நிமோனியா கூட வரலாம்

விருத்தாசலம்,

"பீங்கான் நகரம்" என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு தினமும் ஒரு தொல்லை. அதுதான் தூசி!

அகல் விளக்கு, பொம்மை, பியூஸ் கேரியர் என்று பீங்கான் சாமான்கள் செய்யும் ஊர் இது. பீங்கானுக்கு மூலப்பொருள் களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார். இந்தத் தூளும் சாலைப் புழுதியும் சேர்ந்து காரின் முன் கண்ணாடியில் படிகின்றன.

குவார்ட்ஸ், கண்ணாடியை விடக் கடினமானது. காய்ந்த தூசி மேல் வைப்பரை ஓட்டினால் கண்ணாடியில் கீறல் விழும். இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் அந்தக் கீறலில் பட்டுச் சிதறும். கண் கூசும். ரோடு தெரியாது.

அதனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். பிறகுதான் வைப்பர்.

சரி, அந்தத் தண்ணீரே நாறினால்?

தண்ணிதானே!

பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும். மூடியில் வைப்பர் படம் போட்டிருக்கும். "தண்ணிதானே, எதை ஊத்தினா என்ன?" என்று குழாய்த் தண்ணீரையோ, போர் தண்ணீரையோ பலர் ஊற்றி விடுகிறார்கள். மாதக்கணக்கில் அது அப்படியே கிடக்கிறது.

மூடிக் கிடக்கும் டேங்க், பக்கத்தில் என்ஜின் சூடு, மேலே நம்ம ஊர் வெயில். பாசியும் பூஞ்சணமும் வளர இதை விட வசதியான இடம் வேறு ஏது?

டேங்கின் உள்சுவரில் கொழகொழவென்று ஒரு படலம் பிடிக்கும். அது துண்டு துண்டாகப் பிய்ந்து குழாயையும், தண்ணீர் பீய்ச்சும் துவாரத்தையும் அடைக்கும். போர் தண்ணீராக இருந்தால் உப்பும் சேர்ந்து அடைக்கும்.

காருக்குள் வெளிக்காற்று வரும் வழி, முன் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. பீய்ச்சிய தண்ணீரின் நாற்றம் அந்த வழியாகவே உள்ளே புகுந்து விடும்.

34 பேர் பலி

நாற்றம் மட்டும் என்றால் மூக்கைப் பிடித்துக் கொள்ளலாம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

1976-ம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகர ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு நடந்தது. வந்தவர்களில் பலருக்கு திடீரென்று கடுமையான நிமோனியா. 34 பேர் இறந்தார்கள். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று மறு ஆண்டு கண்டுபிடித்தார்கள். அதற்கு "லெஜியோனெல்லா" என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிருமி பெரும்பாலும், சாரலாகத் தெறிக்கும் தண்ணீரை மூச்சில் இழுப்பதால் நுரையீரலுக்குள் போகிறது. கார் கண்ணாடியில் பீய்ச்சுவதும் சாரல்தானே!

2010-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சுட்டிக்காட்டியது. வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களில் சிலவற்றைச் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் இந்தக் கிருமியின் தடயம் இருந்தது. "ஸ்கிரீன்வாஷ்" என்ற கண்ணாடி கழுவும் திரவம் கலந்த கார்களில் இல்லவே இல்லை! அங்கே ஊர்மக்களிடம் தனித்தனியாகத் தோன்றும் இந்த நோயில் சுமார் 20 சதவீதத்துக்கு வெறும் தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

2014-ல் வெளியான மற்றோர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அரிசோனாவில் பள்ளிக்கூட பஸ்களைச் சோதித்திருந்தார்கள். அங்கேயும் பெரும்பாலான பஸ்களின் டேங்கில் இந்தக் கிருமி!

இதற்காக யாரும் காரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர்களும்தான்.

எங்கிருந்து நாற்றம்?

தண்ணீர் பீய்ச்சும்போது மட்டும் நாறினால், குற்றவாளி வாஷர் டேங்க். ஏ.சி. போட்டதும் நாறினால், ஏ.சி. பில்டரைப் பாருங்கள். கண்ணாடியின் அடியில் இலை, சருகு மக்கிக் கிடந்தாலும் நாறும்.

என்ன செய்யலாம்?

* முகத்துக்குத் துணி, கைக்கு உறை போட்டுக் கொண்டு டேங்க் தண்ணீரைக் காலி செய்யுங்கள். மெக்கானிக்கிடம் சொன்னால் குழாயைக் கழற்றி வடித்து விடுவார். பீய்ச்சிக் காலி செய்வதானால் விட்டு விட்டுப் பீய்ச்சுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் கெட்டு விடும்.

* நல்ல தண்ணீர் ஊற்றி, கலங்கல் போகும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அடைத்த துவாரத்தை மெல்லிய ஊசியால் குத்தி விடுங்கள்.

* பிறகு ஸ்கிரீன்வாஷ் ஊற்றுங்கள். உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். கலக்க கேன் தண்ணீர் நல்லது. உப்பு படியாது. ஆனால் கேன் தண்ணீர் மட்டும் போதாது. கிருமியைத் தடுப்பது திரவம்தான்.

* வாரம் ஒரு முறையாவது பீய்ச்சி விடுங்கள். தண்ணீர் தேங்கினால்தான் தொல்லை.

இவை வேண்டாம்

துணி சோப்புத் தூள், ஷாம்பு பாக்கெட் போடாதீர்கள். நுரை தள்ளும். கண்ணாடியில் திட்டுத் திட்டாகப் படியும். பிளீச்சிங் பவுடரும் கூடாது. பெயிண்டும் ரப்பரும் பாழாகும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டை இதில் ஊற்றவே கூடாது. அது விஷம்.

ஸ்கிரீன்வாஷ் சிலவும் குடித்தால் ஆபத்தானவை. பார்க்க கலர் சர்பத் மாதிரி இருக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

டயருக்குக் காற்று பார்க்கிறோம், ஆயில் பார்க்கிறோம். அப்படியே இந்தச் சின்ன மூடியையும் ஒரு தடவை திறந்து மோந்து பாருங்கள்!